இருங்க, பாலை இறக்கிட்டு வர்றேன்

என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதச் சொன்னால் நான்கு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கப்பலில் ஃபிட்டர். இருபத்தாறு வருஷம் இன்ஜின் ரூமில் வேலை. கரைக்கு வந்த பிறகு எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஸ்பேனரோடு போய் நிற்பார். பேச மாட்டார். கதை முடிந்தது.

கேட்டால் பதில் வராது என்று சொல்ல முடியாது. "ம்" என்று வரும். சாப்பாடு எப்படி என்றால் "ம்". நல்லா இருக்கா, இல்லையா, ஒண்ணு சொல்லுங்க என்று மடக்கினால் "ம்ம்". அந்த இரண்டாவது "ம்" கூடுதலாக விழுந்தால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாடா?" என்று பெற்ற தாயே கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்.

நான் அதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். எட்டு மணி நேரம் சம்பளத்துக்குப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து மீதியைச் சும்மா பேசுவேன். கல்யாணமான மூன்றாம் நாளே இவர் எனக்கு "ரேடியோ" என்று பெயர் வைத்துவிட்டார். "ரே"யை ஒரு இழுப்பு இழுத்து, "டியோ"வைச் சட்டென்று முடிப்பார். அன்று முழுக்க அவர் பேசியது அந்த ஒரு சொல்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. அதற்கு முன்பே இரண்டு வருஷமாகக் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது; கப்பல் புகை, வயசு என்று நாங்களாகவே காரணம் சொல்லிக்கொண்டோம். கடைசியில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. ஆள் பிழைத்தார். அந்த டாக்டரம்மாவை நான் தினமும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

பேசுவதற்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயசைத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். இவர் இரண்டு தரம் முயன்று பார்த்தார். இரண்டாம் தரம் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு. அதோடு அதை மேஜை டிராயரில், பழைய சாவிகளுக்கு அடியில் போட்டு மூடிவிட்டார். பிறகு சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மேஜையிலோ கதவிலோ இரண்டு தட்டு.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் பேச்சும் நின்றுபோனது. நான் எதையாவது சொல்வேன். அவர் பதிலுக்கு வாயைத் திறந்து, பழக்கத்தில் திறந்து, பிறகு மூடிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பசித்தவன் எதிரில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அதனால் குறைத்துக்கொண்டேன். "சாப்பிடுங்க", "மாத்திரை", "துண்டு இங்கே இருக்கு", இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. மகள் போன் செய்தால்கூடப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பேசினேன். எங்கள் வீட்டுக் கடிகாரம் இவ்வளவு சத்தமாக ஓடும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதைவிட மோசம் ஒன்று. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, இவர் "ரேடியோ" என்று கூப்பிடுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வரவில்லை. அந்த இழுப்பு ஞாபகம் இருக்கிறது, குரல் வரவில்லை. மனிதர் நான்கடி தூரத்தில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருக்கிறார், அவருடைய குரல் எனக்கு மறந்துபோயிருக்கிறது. முப்பது வருஷம் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டவள் நான். போனில் "ஹலோ" என்றதும் எந்த வார்டு, எந்த நர்ஸ் என்று சொல்லிவிடுவேன்.

தேடாமல் இல்லை. மகளின் கல்யாண வீடியோவில் பாட்டைப் போட்டு எல்லார் குரலையும் மூடியிருந்தார்கள். மகளுடைய போனில் ஒரே ஒரு துண்டு இருந்தது. "போதும்மா, வை" என்று சொல்லிவிட்டு இருமுவார். அது நோய் வந்த பிறகு எடுத்தது. கரகரவென்று வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அந்தப் பழைய குரலை ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று நான் ஆசைப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

இந்த நிலைமையில் ஒரு காலையில் மனிதர் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் கப்பல் பெட்டியை இழுத்தார். பூட்டைத் திறந்து, பழைய சீருடைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே கேசட்டுகள். எல்லாம் ஒரே ரகம், ஒரே சாம்பல் நிறம், முதுகில் எண் மட்டும். முப்பத்தொன்று.

எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் எங்களிடம் மொத்தம் இருந்ததே ஒரு கேசட்டு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அவர் கப்பலில் இருந்த காலத்தில் கடிதம் எழுதச் சொன்னால் நான்கு வரி வரும்: நலம், நலமா, மழை இல்லை, இப்படிக்கு. சரி, பேசியாவது அனுப்புங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் கேபினில் உட்கார்ந்து ஒரு கேசட்டில் பேசி, கம்பெனி ஆபீஸ் மூலமாக அனுப்புவார். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிறகு நான் அதே கேசட்டைத் திருப்பிச் சுற்றி, அவர் பேசியதன்மேலேயே என் பதிலைப் பதிந்து அனுப்புவேன். அவர் அதைக் கேட்டுவிட்டு என் பேச்சின்மேல் தன்னுடையதைப் பதிந்து அனுப்புவார். இதுதான் ஏற்பாடு. ஒரு கேசட்டு, போகும், வரும். கேசட்டுக்கு முகமா இருக்கிறது, இது வேறு என்று கண்டுபிடிக்க?

"ஏங்க, இது ஏது இத்தனை?" என்று கேட்டேன்.

அவருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. இன்ஜின் ரூம் தின்றது. வலது காதுப் பக்கம் சத்தமாகப் பேசினால் கேட்கும். கத்தினேன். அவர் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

"நீ பேசினதை எப்படி அழிக்கிறது? ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்கிட்டேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதர் துறைமுகம் துறைமுகமாக இறங்கிப் புதுக் கேசட்டு வாங்கி, அதில் பேசி அனுப்பியிருக்கிறார். நான் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட அழிக்கவில்லை. நானோ முப்பத்தொரு தரமும் அவரை அழித்து, அந்த இடத்தில் பால் திரிந்த கதையையும் மேல்வீட்டுச் சண்டையையும் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். அவருடைய குரல் இருந்த முப்பத்தொரு கேசட்டு என் கைக்கு வந்து, என் கையாலேயே ஒழிந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தவள். மூன்று நாள் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. அவரிடம் இதையெல்லாம் சொல்லவும் இல்லை. குரல் இல்லாதவரிடம் "உங்க குரலை நான்தான் அழிச்சேன்" என்று எப்படிச் சொல்வது?

அவர் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டார். கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறாராம். பழைய பொருள் கடையிலிருந்து ஒரு டேப் டெக் வாங்கி வந்து, அதன் ரப்பர் பெல்ட்டை மாற்றினார். காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, நாடா உரசுகிற உலோகத் தலையைத் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. வெள்ளையாக வருகிறவரை விடவில்லை. சில கேசட்டுகளில் நாடாவை அழுத்திப் பிடிக்கிற கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தது. தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் உள்துணியை வெட்டி அரிசி அளவில் ஒட்டினார். மகள் விட்டுப்போன கம்ப்யூட்டருக்கும் டெக்குக்கும் நடுவில் ஒரு வயரும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியும். எந்த பட்டனை அழுத்துவது என்று மகள் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தாள்.

"அப்பா, சிவப்பு பட்டனை அமுக்குங்க. ரெண்டு கோடு ஓடும் பாருங்க, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு பக்க ஸ்பீக்கருக்கு ரெண்டு கோடு. ஓடுதா?"

இவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

இந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரக் கேசட்டு ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். இவருக்கு அது பிடித்திருந்தது. கப்பலில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஆள். ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றி, திரையில் ஓடும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். காதைவிடக் கண்ணைத்தான் நம்பினார். மேல் கோடு பெரிதாகத் துள்ளும். அது என் பேச்சு. கீழ்க்கோடு கொஞ்சம் மெலிந்து, மயிர்க்கால் மயிர்க்காலாகச் சிலிர்த்துக்கொண்டு ஓடும். நான் பேசாத இடங்களில் மேல் கோடு படுத்துவிடும், கீழ்க்கோடு மட்டும் லேசாக அரிக்கும். "இரைச்சல்" என்று நோட்டில் எழுதிக் காட்டினார். கேசட்டு முடிந்ததும் கீழ்க்கோட்டை அழித்துவிட்டு, சுத்தமாக இருக்கிற மேல் கோட்டை மட்டும் எண் போட்டுச் சேமித்தார்.

முடிந்த கேசட்டை என்ன செய்தார் தெரியுமா? உள்ளே இருந்த நாடாவை உருவி, முழம் முழமாக வெட்டி, பால்கனிக் கம்பியில் கட்டினார். புறா வருகிறதாம். காற்றில் நாடா பளபளவென்று ஆடினால் புறா கிட்டே வராது என்பது உண்மைதான். இந்த மனிதரிடம் எந்தப் பொருளும் வீணாகப் போகாது.

பதினோரு கேசட்டு பால்கனிக்குப் போய்விட்டது. பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்த காலையில், பத்து மணி இருக்கும், நான் டீ கொண்டுபோய் வைத்தேன். இவர் ஹெட்போனைக் கழற்றி, கண்ணால் சிரித்துக்கொண்டே என் தலையில் மாட்டிவிட்டார். கேள் என்று சைகை.

அதுவரை நான் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவும் இல்லை. அந்தக் குரல்தானே அவரை அழித்தது? ஆனாலும் ஹெட்போன் மாட்டியாகிவிட்டது. இருபத்தெட்டு வயசுப் பெண் ஒருத்தி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டர் தப்பான எண் கேட்டு, தன் மாமனார் வீட்டுக்கே லைன் வாங்கி மாட்டிக்கொண்ட கதை. எனக்கே சிரிப்பு வந்தது. திடீரென்று அவள் கதையை நிறுத்தினாள்.

"இருங்க, பாலை இறக்கிட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. ரெக்கார்டரை அவள் நிறுத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் நான் அந்த ரெக்கார்டரை பீரோ மேலிருந்து கீழே போட்டுவிட்டேன். இவர் அதைச் செய்தித்தாள்மேல் பிரித்துப் போட்டு, துடைத்து, திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்ததும் தாள்மேல் ஒரு பொடி ஸ்க்ரூ மிச்சமிருந்தது. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "தேவையில்ல" என்றார். அன்றிலிருந்து அதன் நிறுத்துகிற பட்டனை அமுக்கினால் மூடி திறந்து கேசட்டே வெளியே எகிறும். அதனால் பதிய ஆரம்பித்தால் நான் நிறுத்துவதே இல்லை. பால் பொங்கினாலும் சரி, யாராவது கதவைத் தட்டினாலும் சரி, அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்க்ரூவை விட்ட பெரிய ஃபிட்டர் என்று வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறேன்.

ஆக, ஹெட்போனில் யாரும் இல்லாத அறை. அடுக்களையில் பாத்திரம் உருள்கிற சத்தம் தூரத்தில். பிறகு ஒரு பக்கத்துக் காதில் மட்டும் ஏதோ கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி.

"...பம்ப் ஒண்ணு மாத்தினோம். ரெண்டு நாள் வேலை. சாப்பாடு பரவாயில்ல. வேற என்ன..."

டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் விழுந்தேன். அந்தக் குரல். கரகரப்பு வராத, தொண்டையின் அடியிலிருந்து சோம்பேறித்தனமாக எழுந்து வருகிற அந்தக் குரல். முப்பது வருஷத்துக்கு முந்தைய "வேற என்ன". கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "வேற என்ன" என்று சொல்லிவிட்டு அவர் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமையையும் கேட்டேன். அதற்குள் செருப்புச் சத்தம் திரும்பி வந்து, அந்தப் பெண் மறுபடி டாக்டர் கதையை எடுத்துவிட்டாள். ஜென்மத்தில் முதல் முறையாக எனக்கு என்மேலேயே "வாயை மூடுடி" என்று கத்த வேண்டும்போல இருந்தது.

இவர் பயந்துவிட்டார். நெஞ்சு வலியா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்கிறார். நான் அவருடைய வலது காதைப் பிடித்து இழுத்தேன்.

"இரைச்சல் இல்லங்க, நீங்க! கீழ்க்கோட்டுல நீங்க பேசுறீங்க!"

அவர் நம்பவில்லை. ஹெட்போனை மாட்டி, ஏற்றிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையை ஆட்டினார். அவர் காதுக்கு அந்தக் குரல் எட்டவே இல்லை. இத்தனை நாளும் தன் குரலைக் கோடாகப் பார்த்து, குப்பை என்று அவரே துடைத்துப் போட்டிருக்கிறார். பிறகு ஏதோ தோன்றி, கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நாடாவைப் பார்த்தார். மேஜையில் விரலால் கோடு போட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. நோட்டில் அவசரமாக எழுதினார்.

"அந்த ஸ்க்ரூ. தலையைப் பிடிக்கிற ஸ்க்ரூ. தலை கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருக்கு. நாடாவில் ஒரு ஓரம் அழியவே இல்லை."

யானைக்கும் அடி சறுக்கும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நட்டைக்கூட மறக்காத ஆள், பெண்டாட்டியின் ரெக்கார்டரில் ஒரு ஸ்க்ரூவை விட்டார். அந்த ஒரு ஓரத்தில், தலைமயிர் அகலத்தில், முப்பத்தொரு கேசட்டிலும் அவர் அழியாமல் இருந்திருக்கிறார். நான் பேசுகிற இடங்களில் என் சத்தத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்தார். பால் பொங்கின இடங்களில் மட்டும் வெளியே வந்தார். பாலுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? பொங்கிப் பொங்கி அடுப்பை நாசம் பண்ணிய அத்தனை பாலுக்கும் அன்றைக்கு மனதார நன்றி சொன்னேன். ரெக்கார்டரைக் கைநழுவவிட்ட என் கைக்கும்தான்.

அப்புறம்தான் பால்கனி நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பதினோரு கேசட்டு, முழம் முழமாக வெட்டி, முடிச்சுப் போட்டு, வெயிலில் சுருண்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து ஓடினார். ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, எது எதோடு சேரும் என்று தேட ஆரம்பித்தார். முகம் செத்துப்போயிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முப்பத்தொன்றையும் அழித்தவள் பதினொன்றை அழித்தவரை என்ன சொல்லிவிட முடியும்? நெஞ்சில் இருந்ததையெல்லாம் அன்றைக்குத்தான் அவர் காதில் கொட்டினேன். நான் அழித்ததை, அவர் குரல் எனக்கு மறந்துபோனதை, எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"விடுங்க," என்றேன் கடைசியில். "ஆயுசு முழுக்க நீங்க குரலை உயர்த்தினதே இல்ல. இப்போ உங்க குரலுக்குப் பயந்து புறா ஓடுது. நல்லதுதானே?"

சத்தம் வராமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. அந்த நாடாக்களைத் திரும்பக் கட்டிவிட்டோம், இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

மிச்சமிருந்த இருபது கேசட்டையும் இந்தத் தரம் இரண்டு பேருமாகக் கேட்டோம். அவர் கோட்டைப் பார்ப்பார், நான் காதைக் கொடுப்பேன். மேல் கோடு படுக்கிற இடம் வந்தால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுவார். நான் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கிணற்றுக் குரல் சொல்வதை ஒவ்வொரு வரியாக அவர் வலது காதில் திருப்பிச் சொல்வேன். அவர் சொன்னதை அவருக்கே நான் சொன்னேன். எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு நிமிஷம் தேறியது. அதில் பாதி "வேற என்ன"தான்.

பத்தொன்பதாம் எண்ணில் ஒன்று வந்தது. நான் குடிதண்ணீர் வண்டிக்காரரோடு சண்டை போடப் போன இடைவெளி, அதனால் நீளமானது.

"போன கேசட்டுல லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட கதை சொன்னேல்ல? அதை நாலு தடவ போட்டுக் கேட்டேன். என் கேபின்ல கூட இருக்கிறவனும் விழுந்து விழுந்து சிரிச்சான். அவனுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாது. நீ சிரிக்கிறதைக் கேட்டுச் சிரிச்சான். இப்போ எல்லாம் கேசட் வந்துச்சான்னு என்னைவிட அவன்தான் கேக்குறான்... சரி, எனக்குப் பேச வரல. இன்னும் நிறைய டேப் இருக்கு. நீ பேசு, ரேடியோ."

அந்த இழுப்பு. "ரே"யை இழுத்து, "டியோ"வைச் சட்டென்று முடித்து. நான் அவர் காதில் அதையும் அப்படியே இழுத்துச் சொன்னேன். அவர் நோட்டில் ஒரே சொல் எழுதினார்: "அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? நான் தண்ணி வண்டிக்காரனை ஜெயிச்சுட்டு வந்துட்டேன். உங்க பேச்சு போச்சு."

தோள் குலுங்கியது. எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"ஆமா, இத்தனை வருஷம் பூட்டி வெச்சிருந்ததை இப்ப எதுக்கு எடுத்தீங்க?"

அவர் எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"என் குரல் போனது எனக்குப் பெரிசா தெரியல. அதை நான் எங்கே உபயோகிச்சேன்? நீ பேசுறதை நிறுத்திட்டே. வீடு இன்ஜின் நின்ன கப்பல் மாதிரி இருக்கு. அதான் பழசையாவது கேக்கலாம்னு."

நான் அவருக்காகத் தொண்டையை அடைத்துக்கொண்டு திரிந்த ஒன்றரை வருஷமும் அவர் என் பேச்சுக்குப் பட்டினி கிடந்திருக்கிறார். முட்டாள்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல ஜோடி.

மறுநாள் காலை அவர் கம்ப்யூட்டரில் ஒரு மைக்கை மாட்டி என் முன்னால் வைத்தார். சிவப்பு பட்டனை அமுக்கினார். எனக்கு முதலில் வரவில்லை. ஒன்றரை வருஷம் துருப்பிடித்த வாய். மேல்வீட்டில் புதிதாக வந்திருப்பவர்கள் சோபாவைப் படிக்கட்டில் ஏற்ற முடியாமல் நடுவில் மாட்டி, அதிலேயே உட்கார்ந்து டீ குடித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒன்றரை வருஷத்தில் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. கால் மணி நேரம் போயிருக்கும், அடுக்களையிலிருந்து வாசனை வந்தது.

"இருங்க, பாலை இறக்கிட்டு வர்றேன்," என்று எழுந்து ஓடினேன்.

இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தபோது அவர் பதிவை நிறுத்தியிருந்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார் போலும். ஹெட்போனை என் பக்கம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை, வயரின் முனையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாட்டிக்கொண்டேன். என் குரல், சோபா கதை. பிறகு "இருங்க, பாலை இறக்கிட்டு வர்றேன்." செருப்புச் சத்தம் தேய்ந்தது. கோடுகள் படுத்தன. கொஞ்ச நேரம் கடிகாரம் மட்டும். பிறகு டிராயர் இழுபடுகிற ஓசை. சாவிகள் உருண்டன. ஒரு ரீங்காரம் எழுந்தது. திரையில் மேல் கோடும் கீழ்க்கோடும் சேர்ந்து துள்ளின.

"ரே...டியோ. இன்னும் நிறைய டேப் இருக்கு. நீ பேசு."

தகர டப்பாக் குரல்தான். ஆனால் அந்த இழுப்பு அவருடையது.

ஹெட்போனைக் கழற்றினேன். அவர் வயரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, எப்படி என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார். அவருடைய வலது காதுக்குக் குனிந்தேன்.

"ம்ம்" என்றேன்.